வேலை எங்கே நடக்கிறது?

(மேனிலை இரண்டாம் ஆண்டு, ‘ஆ’ பிரிவு மாணவி)

சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு மாலை நேரம். எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா, அம்மா, பாட்டி, தம்பி, நான் எல்லாரும் அமர்ந்திருந்தோம். அப்போது சித்தப்பா வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியை எடுத்து எங்களிடம் நீட்டினார். திரையில் பொன்னிறக் காசு ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. அதன் கீழே ஓர் எண், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறிது சிறிதாக ஏறிக்கொண்டிருந்தது.

“அண்ணி, இதுதான் பிட்காயின். இந்தப் போன் இப்போது சுரங்கம் வெட்டிக்கொண்டிருக்கிறது. நாம் தூங்கினாலும் இது தூங்காது. இந்த வேலை செய்கிறவர்களுக்கு மைனர் என்று பெயர்” என்றார்.

“மைனரா? கழுத்திலே சங்கிலி போட்டுக்கொண்டு திரிவானே, அந்த மைனரா?” என்று பாட்டி கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் தெரு நாய் எழுந்து போய்விட்டது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் லேத் பட்டறையில் முப்பது ஆண்டுகளாகக் கடைசல் வேலை செய்பவர். கைப்பேசியை வாங்கிப் பின்புறம் தடவிப் பார்த்தார். “ஜில்லென்று இருக்கிறதே, தம்பி! வேலை நடக்கிற இடத்தில் சூடு இருக்கும், சத்தம் இருக்கும், மாதம் பிறந்தால் கரண்டு பில் இருக்கும். இதில் வேலை எங்கே நடக்கிறது?” என்றார்.

சித்தப்பாவிடம் பதில் இல்லை. “உங்களுக்கு இதெல்லாம் புரியாது, அண்ணா” என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் திரும்பினார். சேர்க்கைக் கட்டணமாகத் தாம் 60,000 ரூபாய் கட்டியிருப்பதாகவும், இன்னும் ஒருவரைச் சேர்த்தால் வேகம் இரட்டிப்பாகும் என்றும் சொன்னார். அம்மாவிடம் சீட்டு எடுத்த பணம் 40,000 ரூபாய் இருந்தது. அது என் கல்லூரிச் சேர்க்கைக்காக அம்மா மாதாமாதம் கட்டிச் சேர்த்தது. சித்தப்பாவின் முகத்துக்காக அதிலிருந்து 15,000 ரூபாயை மறுநாளே எடுத்துக் கொடுத்துவிட்டார். மீதியைப் பொங்கலுக்குப் பிறகு தருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பணத்தைப் பற்றிய கவலை ஒரு புறம் இருக்க, அப்பாவின் கேள்வி என்னை விடவில்லை. வேலை எங்கே நடக்கிறது? கணிப்பொறி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கும் எனக்கே அதற்கு விடை தெரியவில்லையே!

பள்ளி திறந்த அன்றே எங்கள் கணிப்பொறி ஆசிரியையிடம் கேட்டேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. மறுநாள் வகுப்புக்கு ஒரு பை நிறையப் பகடைக் காய்களைக் கொண்டுவந்தார். நான்கு மாணவியரை எழுப்பி ஆளுக்கு இரண்டு பகடைகள் கொடுத்தார். “எல்லாரும் ஒரே நேரத்தில் உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 3 அல்லது அதற்குக் கீழே யாருக்கு முதலில் விழுகிறதோ, அவர்தாம் கரும்பலகையில் அடுத்த வரியை எழுதலாம். எழுதியவருக்கு ஒரு மிட்டாய்” என்றார்.

சராசரியாக மூன்று சுற்றுக்கு ஒரு முறை யாராவது ஒருத்திக்கு விழுந்தது. பிறகு பன்னிரண்டு பேரை எழுப்பினார். இப்போது முதல் சுற்றிலேயே விழத் தொடங்கியது. உடனே ஆசிரியை விதியை இறுக்கினார்: இரண்டு பகடையிலும் ஒன்று விழ வேண்டும், கூட்டுத்தொகை 2 மட்டுமே செல்லும். மீண்டும் சராசரி மூன்று சுற்றுக்கு வந்து நின்றது. மாணவியர் கூடினால் விதி இறுகும், குறைந்தால் தளரும். கரும்பலகையில் வரிகள் மட்டும் ஒரே சீராக ஏறிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு நேரம் உருட்டியிருந்தாலும் அடுத்த உருட்டலுக்கு அது உதவுவதில்லை என்பதையும் அன்று கண்கூடாகக் கண்டோம். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் தோழிக்கு மணி அடிக்கும் வரை ஒரு மிட்டாய்கூடக் கிடைக்கவில்லை, பாவம்!

“இப்போது சொல்லுங்கள். வேலை எங்கே நடந்தது?” என்று கேட்டார் ஆசிரியை.

“கரும்பலகையில், மிஸ்” என்றாள் ஒருத்தி.

“கரும்பலகையில் நடந்தது எழுத்து. வேலை உங்கள் கைகளில் அல்லவா நடந்தது! வலிக்கிறதா, இல்லையா?”

உண்மைதான். எங்கள் கைகள் வலித்தன.

பிட்காயினில் கரும்பலகைக்குப் பதிலாக ஒரு கணக்கேடு இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது அதில் பக்கம் பக்கமாகப் பதிவாகிறது. ஒரு பக்கத்துக்குப் பிளாக் என்று பெயர். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் எழுதியவர் 2008 அக்டோபரில் 9 பக்கக் கட்டுரை ஒன்றில் இத்திட்டத்தை வெளியிட்டார். 2009 சனவரி 3-ஆம் நாள் முதற் பக்கம் எழுதப்பட்டது. ஏட்டின் படி உலகெங்கும் பல்லாயிரம் கணிப்பொறிகளில் இருக்கிறது. ஆகவே ஏடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கும் இருக்கிறது என்று சொல்லலாம். வேலை எங்கே நடக்கிறது என்பதற்கு அந்த விடை பொருந்தாது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் நானும் அப்படித்தான் எண்ணினேன்.

ஒவ்வொரு பிளாக்குக்கும் 80 பைட் அளவுள்ள ஒரு தலைப்பு உண்டு. முந்தைய பக்கத்தின் அடையாளம், இந்தப் பக்கத்துக் கணக்குகளின் சுருக்கம், நேரம், அப்போதைய விதியின் கடுமை, கடைசியில் நம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளத்தக்க ஓர் எண் ஆகியவை அதில் அடக்கம். இந்த 80 பைட்டை எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணக்கு முறையில் இரு முறை அரைத்தெடுத்தால் ஒரு பெரிய எண் கிடைக்கும். அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையேல் அந்தக் கடைசி எண்ணை மாற்றி மீண்டும் அரைக்க வேண்டும். குறுக்கு வழி எதுவும் இல்லை. பகடை உருட்டுவது போலத்தான். கடைசி எண்ணுக்கு 429 கோடிக்கும் மேற்பட்ட மதிப்புகள் உண்டு. அவையெல்லாம் தீர்ந்தாலும் விடை கிடைக்காவிட்டால் பக்கத்தில் வேறொரு மூலையைச் சிறிது மாற்றிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

விடை கண்டவர் பக்கத்தை எல்லாருக்கும் அனுப்புவார். சரிபார்ப்பவர் ஒரே ஒரு தடவை அரைத்துப் பார்த்தால் போதும். எங்கள் பள்ளியின் பழைய கணிப்பொறிகூட இமைப்பொழுதில் செய்துவிடும். சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் வர வேண்டும் என்பது ஏற்பாடு. 2016 பக்கங்களுக்கு ஒரு முறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை, எங்கள் ஆசிரியை செய்தது போலவே விதி தானாக இறுகும் அல்லது தளரும்.

இந்தக் கணக்கைப் பென்சிலும் தாளும் கொண்டும் செய்யலாம்! கென் ஷிரிஃப் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 2014-இல் செய்தும் பார்த்தார். ஒரு சுற்றுக்கு அவருக்கு 16 நிமிடம் 45 நொடி பிடித்தது. ஒரு முயற்சிக்கு 128 சுற்றுகள் தேவை. ஊண் உறக்கமின்றி உட்கார்ந்தால் ஒன்றரை நாளில் ஒரு முயற்சி! இதைப் படித்த அன்று நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். பாதிச் சுற்றில் அம்மா அரிசி களையக் கூப்பிட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால், கூப்பிட்டது நல்லதாயிற்று.

2009-இல் இந்த வேலை சாதாரண வீட்டுக் கணிப்பொறியின் மையச் செயலியில் நடந்தது. சித்தப்பா சொன்னது அந்த ஆண்டுக்கு ஓரளவு பொருந்தும். 2010-இல் விளையாட்டுப் படங்களைத் திரையில் ஓட்டுவதற்கான வரைகலை அட்டைகள் இதற்குப் பயன்பட்டன. 2013 முதல் இதற்கென்றே வார்த்த சில்லுகள் கொண்ட எந்திரங்கள் வந்துவிட்டன. இவற்றால் கடிதம் தட்டச்சு செய்ய முடியாது, படம் பார்க்க முடியாது. இந்த ஒரு கணக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. இன்றைய எந்திரம் ஒன்று நொடிக்கு 200 லட்சம் கோடி முயற்சிகள் செய்கிறது. அதற்கு 3,500 வாட் மின்சாரம் வேண்டும். எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். அப்படி மூன்றரைப் பெட்டிகளை இரவு பகலாக அணைக்காமல் வைத்திருந்தால் எவ்வளவு சூடு உண்டாகும் என்று எண்ணிப் பாருங்கள்! அந்தச் சூட்டை வெளியேற்ற விசிறிகள் ஓயாமல் கதறுகின்றன. அப்பா சொன்ன சூடு, சத்தம், பில் மூன்றும் அங்கே இருக்கின்றன.

தனி எந்திரத்துக்கு விடை கிடைப்பது அரிது. ஆகவே பலர் சேர்ந்து பூல் என்னும் கூட்டு அமைக்கிறார்கள். எங்கள் வகுப்பிலும் மூன்றாம் வரிசைப் பெண்கள் மிட்டாயைப் பங்கிட்டுக்கொள்வதாகச் சத்தமில்லாமல் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்! பூல் அமைப்பின் கணிப்பொறி பக்கத்தைத் தயார் செய்து ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுக்கும்; வந்த விடைகளைப் பார்த்துப் பங்கு போடும். அது மேற்பார்வைதான். அரைக்கிற வேலை, வேறொரு நாட்டில் இருந்தாலும், உறுப்பினரின் எந்திரச் சில்லுக்குள்தான் நடக்கிறது.

அப்படியானால் அந்த எந்திரங்கள் எந்த ஊரில் இருக்கின்றன? மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் ஊரில். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் இதற்காகவே ஒரு வரைபடம் தயாரித்தனர். அதன்படி 2019 செப்டம்பரில் ஏறத்தாழ முக்கால் பங்கு வேலை சீனாவில் நடந்தது. மழைக்காலத்தில் சிச்சுவான் மாகாணத்து ஆறுகளில் வெள்ளம் புரளும்போது நீர்மின்சாரம் மலிந்துவிடும். எந்திரங்களை லாரிகளில் ஏற்றி அங்கே கொண்டுபோவார்கள். மழை நின்றதும் நிலக்கரி மின்சாரம் மலிவான சின்ஜியாங் பக்கம் ஓட்டிச் செல்வார்கள். பச்சை கண்ட இடத்துக்குக் கிடை மாற்றும் நம் ஊர் ஆட்டுக்காரர்களைப் போல! 2021 மே, சூன் மாதங்களில் சீன அரசு கடுமையான நடவடிக்கை எடுத்தது. சில வாரங்களில் உலகத்தின் மொத்த வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. விதி தானாகத் தளர்ந்தது. எந்திரங்கள் கப்பலேறின. 2022 சனவரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வேலை அமெரிக்காவில் நடந்தது.

டெக்சாஸ் மாநிலத்தில் ராக்டேல் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த பெரிய அலுமினிய உருக்காலை 2008-இல் நின்றுபோயிற்று. ஆலைக்காகப் போட்ட தடித்த மின்தடங்கள் மட்டும் அப்படியே இருந்தன. பிட்காயின் எந்திரக் கொட்டகைகள் அவற்றைத் தேடிக்கொண்டு வந்தன. அவ்வூரில் உள்ள ஒரு வளாகத்தின் திறன் மட்டும் 700 மெகாவாட். நமது அண்டை நாடான பூட்டானிலும் மலையாற்று நீர்மின்சாரத்தில் அரசு நிறுவனமே இவ்வேலையைச் செய்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் அதை வாங்கிப் பொறுமையாகப் படித்துவிட்டு, “இந்த ஊர்களில் குடியிருப்பவர்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, அம்மா” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. மீண்டும் தேடினேன்.

நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் பிளாட்ஸ்பர்க் என்ற நகரம் உள்ளது. அந்நகருக்கு மலிவான நீர்மின்சாரம் ஒரு குறிப்பிட்ட அளவு வரை கிடைத்துவந்தது. அதை நம்பிப் பிட்காயின் எந்திரங்கள் வந்து இறங்கின. 2018 சனவரியில் கடுங்குளிர். வீடுகளைச் சூடேற்றவும் மின்சாரம் வேண்டும், எந்திரங்களுக்கும் வேண்டும். ஒதுக்கப்பட்ட அளவு தாண்டிற்று. நகராட்சி வெளிச்சந்தையில் அதிக விலை கொடுத்து வாங்கியது. அந்தச் சுமை, பிட்காயினைக் கண்ணால் கண்டிராத குடும்பங்களின் கட்டணச் சீட்டில் போய் விழுந்தது. மக்கள் முறையிட்டனர். அவ்வாண்டு மார்ச்சில், 18 மாதங்களுக்குப் புதிய எந்திரக் கூடங்கள் கூடாது என்று நகர மன்றம் தடை விதித்தது. டெக்சாஸில் கிரான்பரி என்னும் ஊருக்கருகில் வசிப்பவர்கள் விசிறிச் சத்தத்தால் உறக்கம் கெட்டதாகப் புகார் செய்தார்கள்.

இவ்வளவு மின்சாரம் அவசியந்தானா என்று சிஸ்டர் கேட்டார். ஏட்டில் பொய்க்கணக்கு எழுத நினைப்பவன் இதே செலவை மீண்டும் செய்தாக வேண்டும் என்பதே இதன் காவல் என்கிறார்கள். அது எனக்கு விளங்குகிறது. ஆனால் எதேரியம் என்ற மற்றொரு நாணயம் 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் இம்முறையை விட்டு வேறு முறைக்கு மாறிக்கொண்டது. அதன் மின்செலவு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. மாற முடியும் என்று ஒருவர் செய்துகாட்டிய பிறகும் பிளாட்ஸ்பர்க் குடும்பங்களைப் போன்றவர்கள் ஏன் சுமக்க வேண்டும்? எனக்குச் சமாதானம் ஏற்படவில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

சித்தப்பாவின் கைப்பேசி நொடிக்கு 1 கோடி முயற்சி செய்யும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டேன். 2025-இல் உலகத்தின் மொத்த வேகம், 1 எழுதி அதன் பின் 21 சுழிகள் போட்டால் வரும் எண்ணை எட்டிவிட்டது. அந்தக் கைப்பேசிக்குத் தனியாக ஒரு பக்கம் கிடைக்கச் சராசரியாக 190 கோடி ஆண்டுகள் ஆகும். கைப்பேசியிலேயே சுரங்கம் வெட்டும் செயலிகளை ஆப்பிளும் கூகிளும் 2018-ஆம் ஆண்டிலேயே தம் கடைகளில் தடை செய்துவிட்டன. சித்தப்பாவின் செயலியோ வாட்ஸ்அப் வழியாக வந்த ஏதோ ஒரு தொடுப்பிலிருந்து இறங்கியது.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறன்று சித்தப்பா தம் மூலம் சேர்ந்த நான்கு பேரையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவிடம் மீதிப் பணத்தைக் கேட்கத்தான். நான் குறிப்பேட்டோடு வந்து நின்றேன். கைப்பேசியில் வேலை நடக்கவில்லை என்றேன்.

“போனில் இல்லை, பாப்பா. வெளிநாட்டில் நம் பேரில் எந்திரம் ஓடுகிறது” என்றார். போன வாரம்தான் அவருக்கு யாரோ இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“எந்த ஊர், சித்தப்பா? எந்தப் பூல்? வேலை செய்தால் ஏட்டில் கூலி பதிந்திருக்கும். அந்த ஏடு எல்லாருக்கும் பொது. உங்கள் முகவரியைக் கொடுங்கள், இப்போதே பார்த்துவிடலாம்” என்றேன்.

முகவரி என்று அவரிடம் ஒன்றும் இல்லை. திரையில் ஏறும் எண் மட்டும்தான் இருந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். 190 கோடி ஆண்டுக் கணக்கையும் உரக்கப் படித்தேன். வந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கால் மாற்றி மாட்டியிருந்தார். அதைப் பார்த்தும் நான் சொல்லவில்லை.

அந்தப் பொங்கலுக்கு அவர் வரவில்லை. தம்பிக்குக் கரும்பு வாங்கி வருவது எப்போதும் அவர்தாம். பணத்தை எடுக்க 5,000 ரூபாய் வரி கட்ட வேண்டும் என்று செயலி கேட்டதாகவும், அவர் கட்டியதாகவும், மறுநாள் முதல் அது திறக்கவே இல்லை என்றும் மாசி மாதத்தில் வேறொருவர் வழியாகத் தெரிந்துகொண்டோம். அம்மாவின் 25,000 ரூபாய் தப்பியது, 15,000 போயிற்று. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பெரியவர்களை நாலு பேர் நடுவில் அப்படிக் கேட்கலாமா?” என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கேள்விதானே அது!

பங்குனி மாதம் ஒரு நாள் நான் படித்துக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் நிற்கும் ஓசை கேட்டது. சித்தப்பா! என்ன பேசுவது என்று தெரியாமல் எழுந்து நின்றேன். அம்மா காபி போட உள்ளே போனார்.

“மன்னித்துக்கொள்ளுங்கள், சித்தப்பா” என்றேன்.

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. என் மேசையில் கிடந்த குறிப்பேட்டைப் புரட்டினார். “நிஜமாகவே அந்த வேலை நடக்கிற ஊர் ஒன்று சொன்னாயாமே? அண்ணன் சொன்னார். அதைக் காட்டு, பார்க்கலாம்” என்றார்.

அப்பாவின் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, டெக்சாஸைத் தேடி, ராக்டேலுக்குப் போய்ப் பெரிதாக்கிக் காட்டினேன். மேலிருந்து எடுத்த படத்தில் நீள நீளமான கொட்டகைகள் வரிசையாகத் தெரிந்தன. அருகில் மின்கோபுரங்கள். அப்பாவும் வந்து எங்கள் தோள்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“அடேயப்பா, இவ்வளவு பெரிய பட்டறையா!” என்றார் சித்தப்பா. இரண்டு விரல்களால் படத்தை இன்னும் பெரிதாக்கி, ஒரு கொட்டகையிலிருந்து அடுத்த கொட்டகைக்கு நகர்த்திக்கொண்டே போனார். காபி ஆறிக்கொண்டிருந்தது.